ஒரு ரீபூட்டுக்கு இவ்வளவு அலம்பலா?

சர்வரின் லினக்ஸ் கர்னலுக்கு ஒரு பேட்ச். அதற்காக ஒரே ஒரு ரீபூட். அதற்கு இந்த நோடு, அதாவது குபர்நெட்டிஸ் மேய்க்கிற சர்வர் கூட்டத்தில் (கிளஸ்டரில்) ஒரு சர்வர், செய்கிற அலம்பல் இருக்கிறதே! தலை தீபாவளிக்குக் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைகூட இரண்டு தடவை கூப்பிட்டால் வந்துவிடுவார். இது வராது. பிங் போகிறது, எஸ்எஸ்எச்சில் உள்ளேயும் நுழைய முடிகிறது. குபர்நெட்டிஸைக் கேட்டால் மட்டும் 'நாட்ரெடி', தயாரில்லையாம். ஏன் என்று தோண்டினால், நோடுக்குள் ஓடும் அதன் ஏஜென்ட்டான குபெலெட் நிலைத் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டதாம். அட, அது தெரியாமலா இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

கிளஸ்டரில் சேர்க்கும்போது அணைத்து வைத்த ஸ்வாப் (மெமரி போதாதபோது டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஏற்பாடு), பூட் ஆகும்போது படிக்கப்படும் எஃப்எஸ்டேப் கோப்பில் கிடந்த ஒரு வரியால் உயிர்த்தெழுந்திருக்கும். தனியாக அனுமதி எழுதிக் கொடுக்காவிட்டால், ஸ்வாப்பைக் கண்டதும் குபெலெட் கிளம்பவே கிளம்பாது. அவ்வளவு ஆசாரம்! சரி, அதை அணைத்தால், முகவரி வழங்கும் டிஎச்சிபி புது ஐபி கொடுத்திருக்கும். அதைச் சரிக்கட்டினால் ஃபயர்வால் விதிகள் காணாமல் போய் குபெலெட்டின் 10250 போர்ட் மூடிக் கிடக்கும். அதையும் திறந்தால் கடிகாரம் எங்கோ பின்தங்கி நிற்க, சான்றிதழ் 'காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று லாக் அலறும். அது என்னய்யா 'அல்லது'? முடிந்துபோனதும் தொடங்காததும் ஒன்றா?

இதில் அது கண்ட்ரோல் பிளேன் நோடாக, அதாவது கிளஸ்டரையே நிர்வகிக்கும் நோடாக, இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். கிளஸ்டரின் நிலையைச் சேமித்து வைக்கும் மூன்று எட்சிடியில் ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மீதி இரண்டில் ஒன்று தும்மினாலும் குவோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை, போச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் வருவார்: "இன்னொரு தடவை ரீபூட் பண்ணிப் பார்க்கலாமே?"