விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்றால் எப்படி?

சனிக்கிழமை மாட்டுங்காவில் நம் பழைய கணினி ஆர்வலர்கள் கூட்டத்தில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள், முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தத் தம்பி எழுந்து, "விற்பனையை நிறுத்தி இத்தனை வருஷம் ஆச்சு, இந்த எமுலேட்டரை இலவசமாக விடச் சொல்லி நாம எல்லாரும் சேர்ந்து எழுதலாமே" என்று கேட்டான். எமுலேட்டர் என்றால் ஒரு பழைய கணினியைப் புதுக் கணினிக்குள் அப்படியே ஓட்டிக் காட்டும் மென்பொருள்; அவன் சொன்னது பழைய ஸ்பெக்ட்ரம் கணினிக்கானது. உடனே முன்வரிசையில் இருந்த சார், "நமக்கு எல்லாமே ஓசியில் வேணும்" என்றார். பாதிப் பேர் சிரித்தீர்கள். தம்பி உட்கார்ந்துவிட்டான். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளாக அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விற்கிறீர்களா, தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்குகிறோம். இனிமேல் விற்கப் போவதில்லை என்றால் திறந்து விட்டுவிடுங்கள். விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

ஓசி என்ற பேச்சுக்கு வருகிறேன். 2004ல் நான் அந்த எமுலேட்டரைக் காசு கொடுத்து வாங்கினவள். என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. ஆபீஸில் ஒருவரிடம் சொல்லி அவர் கார்டில் வாங்கி, இரண்டு மாதச் சம்பளத்தில் பிரித்துக் கொடுத்தேன். எதற்காக வாங்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு ஸ்பெக்ட்ரம் பிளஸ் இருந்தது, சின்க்ளேர் நிறுவனம் 1980களில் விற்ற சின்ன வீட்டுக் கணினி. லாமிங்டன் ரோட்டில் பழசாக வாங்கியது. கேசட்டிலிருந்துதான் புரோகிராம் ஏற்ற வேண்டும். டேப் ரெக்கார்டரின் சத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏறாது, அதனால் சரியான இடத்தில் அம்மாவின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். அந்தக் கணினியில் நாமாக வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு 21 இடம்தான் உண்டு, ஒவ்வொன்றும் 8க்கு 8 புள்ளி. தமிழுக்கோ 247 எழுத்து. அப்பா ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவர், கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆபீஸ் விட்டு வந்து கிராஃப் நோட்டில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்புவார், அழிப்பார், மறுபடி நிரப்புவார். கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் இடம் மிச்சமாகும் என்று அவரே கண்டுபிடித்தார். திரையில் அவர் முதலில் எழுதிக் காட்டியது என் பெயர். கல்யாணியில் வரும் 'ண' மட்டும் எட்டுப் புள்ளிக்குள் அடங்கவே இல்லை. அதற்கு இரண்டு கட்டம் கொடுத்தார்.

அந்தக் கேசட்டிலிருந்து சத்தத்தை எடுத்து ஏற்ற வேறு இரண்டு எமுலேட்டர்களில் முயன்று பார்த்தேன், முடியவில்லை. இதில்தான் ஏறியது. ஏறியதை வேறு எமுலேட்டரில் திறக்காத அதன் சொந்தக் கோப்பு வடிவத்திலேயே சேமித்தேன், சிடியிலும் ஒரு பிரதி எழுதிப் பரணில் வைத்தேன். அடுத்த வருஷம் ஜூலை 26. மும்பைக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை. நாங்கள் குர்லாவில் தரைத்தளத்தில் இருந்தோம். கணினி, கேசட், கிராஃப் நோட்டு எல்லாம் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் போயின. பரணில் இருந்த சிடி ஒன்றுதான் மிச்சம். நடந்ததை எழுதினேன், அந்த எமுலேட்டரைச் செய்தவர் மறுநாளே புதுக் கணினிக்குப் புது கீ, அதாவது அதை ஓட வைக்கும் உரிமக் குறியீடு, அனுப்பினார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. 2013ல் அந்தக் கணினியும் போனது. இந்தத் தடவை எழுதிய மெயில் திரும்பி வந்தது. இணையதளம் இல்லை, விற்பனை இல்லை, கீ கொடுக்க ஆள் இல்லை. கோப்பு என்னிடம் இருக்கிறது, எமுலேட்டர் என்னிடம் இருக்கிறது, ரசீது கூட இருக்கிறது. திறக்கத்தான் முடியவில்லை. இப்போது சொல்லுங்கள் சார், இது ஓசியா?

"அவர் உழைப்பு, அவர் இஷ்டம்" என்பார்கள். உழைப்புதான், யார் இல்லை என்றார்கள்? அமிகா என்ற பழைய கணினிக்கான எமுலேட்டர் தொகுப்பு அமிகா ஃபாரெவரை 1997லிருந்து இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கிறார்கள், புதுப் பதிப்பும் வருகிறது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அதை இலவசமாகக் கொடு என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். விற்கிறார்கள், விற்கட்டும். நான் கேட்பது கடையைச் சாத்திவிட்டுப் போனவர்களிடம்.

திறந்து விட்டால் உரிமை பறிபோய்விடும் என்று ஒரு பயம் வேறு. ஸ்பெக்ட்ரத்தின் ரோம், அதாவது அந்தக் கணினிக்குள்ளேயே பதித்து வந்த அடிப்படை மென்பொருள், இன்னார் சொத்து என்பதில் சந்தேகமே கிடையாது. 1986ல் சின்க்ளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் வாங்கியது. 1999ல் அந்த நிறுவனம் என்ன சொன்னது? உரிமை எங்களுடையதுதான், எமுலேட்டரோடு சேர்த்து ரோமைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றது. உரிமையும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. இன்றைக்கு நாம் எல்லாரும் ஸ்பெக்ட்ரம் ஓட்டுவது அந்த ஒரு அனுமதியில்தான். மேகின்டாஷ் புரோகிராம்களை பிசியில் ஓட்டுவதற்கு 1990களில் காசுக்கு விற்ற எக்ஸிக்யூட்டர் 2008ல் மூலநிரலோடு, அதாவது புரோகிராமர் எழுதிய நிரலோடு, வெளியே வந்தது. மைக்ரோசாஃப்ட்டே ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் பிசியை 2006ல் இலவசமாக்கியது, ஜிடபிள்யூ-பேசிக் என்ற பழைய நிரல்மொழி மென்பொருளின் மூலநிரலை 2020ல் வெளியிட்டது. அவர்களை யாரும் ஓசி கோஷ்டி என்று சொல்லவில்லையே.

"இலவச எமுலேட்டர்தான் எத்தனையோ இருக்கிறதே" என்பதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன், படிக்காமல் மறுபடி அதையே கேட்காதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மூலநிரலுக்குள் வேறு யாரிடமோ லைசென்ஸ் வாங்கிப் போட்ட பகுதி இருந்தால் அதை வெளியிட முடியாது. சரி, மூலநிரல் வேண்டாம். கீ கேட்காத ஒரு கடைசிப் பதிப்பை விட்டுவிட்டுப் போகலாம் இல்லையா? அதற்குக் கூட மனம் வரவில்லை என்றால், காசு கொடுத்த நாங்கள் யார்? நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு, மென்பொருளுக்கும் அதே கணக்குதான். அதுவரை யார் இருக்கப் போகிறார்கள்? நான் இருக்க மாட்டேன், அந்த சிடி நிச்சயம் இருக்காது.

அப்பா 2009ல் போய்விட்டார். அவர் கையெழுத்து வீட்டில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது, பால் கணக்கில், எல்ஐசி கவரில். அவர் தமிழுக்காகப் புள்ளி புள்ளியாகச் செய்தது அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது. சனிக்கிழமை அந்தத் தம்பி தனக்காக மட்டும் கேட்கவில்லை, எனக்காகவும் சேர்த்துத்தான் கேட்டான், அது அவனுக்கே தெரியாது. அவனைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுத வரவில்லை.

தம்பி, கடிதத்தை நீ எழுது, முதல் கையெழுத்து நான் போடுகிறேன். மற்றவர்களிடம் ஒரு விண்ணப்பம். அந்த எமுலேட்டரைப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் போட்டு, கீயோடு இன்னும் ஓடுகிற நிலையில் உங்களில் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள். தானே, பன்வேல், எங்கே என்றாலும் சிடியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதில் திறந்து, மற்ற ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்களும் படிக்கிற சாதாரண எஸ்என்ஏ கோப்பாக மாற்றிச் சேமிக்க ஐந்து நிமிஷம் போதும்.