பாலிஷ் போடுவதற்கு முன் துணியை மாற்றுங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கறுப்பு நிறக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். விற்றவரின் வீட்டு போர்டிகோ நிழலில் பார்த்தபோது பளபளப்பாகத்தான் இருந்தது. மறுநாள் காலை வெயிலில் தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பானெட்டில் சூரியன் பட்ட இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் தெரிந்தன. நான் தலையை நகர்த்தினால் அந்த வட்டமும் கூடவே நகர்ந்தது.

டீடெய்லிங், அதாவது காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை செய்பவர்கள் ஸ்விர்ல் மார்க் என்று சொல்வது இதைத்தான். பார்க்க வட்டமாகத் தெரிந்தாலும், கீறல்கள் எல்லாத் திசைகளிலும்தான் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிப்புள்ளியைச் சுற்றி வளையும் போக்கில் அமைந்தவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால், வட்டம் வட்டமாகத் தோன்றுகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும். கறுப்பில் மறைக்க இடமில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கீறல்கள் விழுவது நிறத்தின் மேல் அன்று, நிறத்துக்கு மேலே பூசப்பட்டிருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டின் மேல். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடி ஒன்றின் பருமனைவிடக் குறைவு. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் பளபளப்பைத் தருவதும் இந்தப் படலமே. மெஷின் பாலிஷ் என்றால் கீறலை நிரப்புவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்துச் சமப்படுத்துகிறோம். எடுத்தது எடுத்ததுதான், அது மறுபடி வளராது. கிளியர் கோட் தீர்ந்துபோன கார்களைச் சாலையில் எல்லோரும் பார்த்திருப்போம். கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்கும்.

இது தெரியாமல்தான் நான் முதலில் ஒரு கடையில் காரை விட்டேன். கம்பளி பேட் (பெயின்ட்டைத் தேய்க்கும் வட்ட மெத்தை) மாட்டிய ரோட்டரி மெஷினால் முக்கால் மணி நேரத்தில் மொத்தக் காரையும் முடித்துக் கொடுத்தார்கள். கண்ணாடிபோல் மின்னியது. மூன்றாவது முறை ஷாம்பு போட்டுக் கழுவியதும் பழைய கீறல்கள் அனைத்தும் திரும்பி வந்தன. அவற்றோடு, மெஷின் போன தடத்திலேயே மயிலிறகு விரித்ததுபோல் புதிய நிழல் கோடுகளும் இருந்தன. காம்பவுண்டில், அதாவது தேய்க்கப் பயன்படுத்திய பாலிஷ் பசையில் இருந்த எண்ணெய்ப் பொருள் கீறல்களை மூடி வைத்திருந்திருக்கிறது. கழுவக் கழுவ அது போய்விட்டது. அன்றிலிருந்து எவர் கேட்டாலும் ஒன்று சொல்கிறேன்: பாலிஷ் முடிந்ததும், அந்த எண்ணெய் போகும்படி ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் அதற்குத் தயங்க மாட்டார்.

ரோட்டரி மெஷினையே நான் குறை சொல்லவில்லை. பழகிய கையில் அது அருமையான கருவி. ஆனால் பேட் ஒரே அச்சில் சுழல்வதால் சூடு ஓரிடத்தில் சேர்கிறது. பேனலின் விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் மெல்லியதாக இருப்பதால், அங்கே ஒரு கணம் கூடுதலாக நின்றாலும் அடிநிறம் வெளியே வந்துவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுழன்றுகொண்டே அச்சிலிருந்து விலகியும் ஆடுகிறது. அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடுகிறதே தவிர, எளிதில் பெயின்ட்டை எரிப்பதில்லை. வீட்டில் செய்யத் துணிபவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் முறை நண்பர் ஒருவரின் ஷெட்டில், அவர் உடனிருக்க, நானே செய்தேன். முதலில் பெயின்ட் தடிமன் காட்டும் கருவியை வைத்துப் பார்த்தோம். பானெட் 112 மைக்ரான், கூரை 108, இடப்பக்க முன்கதவு மட்டும் 240. அந்தக் கதவு எப்போதோ மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த எண் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. 112 இருக்கிறதே என்று துணிந்துவிடக் கூடாது. நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் அழுக்குத் துகள்களை எடுக்கும் களிமண் போன்ற க்ளே பார் தேய்த்து, ரப்பர் பீடிங்கிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகு, பானெட்டில் இரண்டடிச் சதுரம் ஒன்றைச் சோதனைக்காகப் பிரித்துக்கொண்டோம். இருப்பதிலேயே மென்மையான பேடும் பாலிஷும் வைத்துத் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதில் நண்பர் கறாராக இருந்தார். பட்டாணி அளவில் நான்கு பொட்டுகள், மெதுவான வேகத்தில் பரப்பல், பிறகு வேகத்தைக் கூட்டி, கையை அவசரப்படாமல் நகர்த்தி, ஒரு முறை குறுக்கே, ஒரு முறை நெடுக்கே. மெஷினில் பேடைத் தாங்கும் பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், அழுத்தம் அளவோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷால் சுத்தம் செய்தோம். பானெட்டுக்கு மட்டுமே அரைநாள் ஆயிற்று.

மெல்லிய கீறல்கள் அனைத்தும் போயின. கதவுக் கைப்பிடிக்கு அடியில் நகம் பட்ட ஆழக் கீறல்கள் நான்கைந்து இன்னும் இருக்கின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு போய்க் கிளியர் கோட்டை இழக்க எனக்கு மனமில்லை.

இத்தனை பாடுபட்ட பிறகு ஒரு கேள்வி வந்தது. இந்தக் கீறல்களை யார் போட்டார்கள்? எங்கள் அடுக்ககத்தில் கார் துடைக்கும் அண்ணன் விடியற்காலை ஐந்து மணிக்கு வருவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துண்டு, பன்னிரண்டு கார்கள். முதல் காரின் மணல் பன்னிரண்டாவது காருக்குப் போய்ச் சேருகிறது. அவர்மேல் தவறு சொல்ல முடியாது. "ஒரு நாள் தூசியோட நின்னாக்கூட வேலை செய்யலன்னு சொல்லிடுவாங்க சார்" என்றார். தினமும் துடைக்கச் சொல்வது நாம்தான். காரின் மேல் படிந்த தூசியில் மணல் துகள்கள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைப்பது, மணல் காகிதத்தால் தடவுவதற்குச் சமம். பெயின்ட்டின் மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சு போட்டுவிட்டேன், எனக்குக் கவலையில்லை என்பவர்களும் உண்டு. விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பது பென்சில் கொண்டு செய்யும் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. மணலுக்கு அந்தப் பூச்சு தாக்குப்பிடிக்காது.

ஆகவே தினசரித் துடைப்பை நிறுத்தாதவர்கள் பாலிஷுக்குப் பணம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. மூன்று மாதத்தில் கீறல் திரும்பும், மறுபடி தேய்ப்பார்கள், கிளியர் கோட் இன்னும் மெலியும். என் காரை அண்ணன் இப்போது வாரம் ஒருமுறைதான் தொடுகிறார். அதே மாதச் சம்பளம்தான் கொடுக்கிறேன். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி, ஆறு மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கீழே விழுந்த துணியைத் தனியாகப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் மூன்றாவது மாடிக்காரர் தன் வெள்ளைக் காருக்கும் அப்படியே செய்யச் சொல்லி அவரிடம் இரண்டு வாளிகள் கொடுத்திருக்கிறார்.