தசைக்கு அலமாரி இருக்கிறது, தெருவுக்கு இல்லை

உடற்பயிற்சி அறிவியலுக்கும் உடல்நல மேம்பாட்டுக்கும் நூல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல்கலைக்கழக நூலகத்தில் என்னிடம் வந்த நாளிலிருந்து ஒரு குறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. துறையின் பெயரில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. நாம் வாங்குவதோ முதல் பாதியை மட்டும்தான். பரிந்துரைப் பட்டியல்களில் தசை இயக்கம், இதயத் துடிப்பு, விளையாட்டுக் காயம் எல்லாம் தவறாமல் வரும். நடைபாதை, வேலை நேரம், வறுமை பற்றிய நூல்கள் வரவே வராது.

1953இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸின் குழுவினர் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வை நினைத்துப் பாருங்கள். லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சி செய்யப் போனவர்கள் அல்லர். வேலைதான் அவர்களைப் படியேற வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் உருவான 1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனமும் உடல்நல மேம்பாட்டுக்கு ஐந்து செயற்களங்களைச் சொல்கிறது: பொதுக் கொள்கை, உகந்த சூழல், சமூகச் செயல்பாடு, தனிமனிதத் திறன், மருத்துவச் சேவையை உடல்நல மேம்பாட்டின் பக்கம் திருப்புதல். பயிற்சிக் கையேடுகளை மட்டும் அடுக்கிவைத்தால் இந்த ஐந்தில் நான்கு விடுபட்டுப்போகின்றன!

வகைப்பாட்டு எண்களும் நமக்கு உதவுவதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் பயிற்சி உடலியங்கியல் 612இல், உடற்தகுதி 613இல், விளையாட்டு மருத்துவம் 617இல், நகரத் திட்டமிடல் 711இல், விளையாட்டு 796இல். மாணவர் ஒரே கேள்விக்காக ஐந்து இடங்களுக்கு நடக்க வேண்டும். எண்களை மாற்ற முடியாதுதான். ஆனால் இவற்றை ஒன்றாகக் காட்டும் பாடவழிகாட்டி ஒன்றை நூலகர் எழுதலாமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடலுழைப்பு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விலைப்பட்டியல் வராத ஆவணம் என்பதாலேயே அவற்றை நூற்பட்டியலில் ஏற்ற யாருக்கும் நினைவு வருவதில்லை. பணம் கட்டிய தரவுத்தளத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இவற்றுக்குக் கொடுக்கலாம்.

பழைய பதிப்புகளைக் கழிப்பதும் நம் வேலைதான். அதே நிறுவனத்தின் 2010 வழிகாட்டுதல், உடலுழைப்பு ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்றது. 2020இல் அந்த நிபந்தனையே நீக்கப்பட்டது. சின்னச் சின்ன அசைவும் கணக்கில் சேரும், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்றார்கள். நேரமில்லாத தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! பழைய விதியைச் சொல்லும் பாடநூல் திறந்த அலமாரியில் இருந்தால், நாளைய பயிற்றுநர் அதையே மனப்பாடம் செய்து போவார். மாரிஸின் கட்டுரையை நான் ஒருநாளும் தூக்கியெறிய மாட்டேன். காலாவதியான கையேடுகளைக் காப்பகத்துக்கு அனுப்பத் தயங்கவும் மாட்டேன்.

அடுத்த கொள்முதல் கூட்டத்துக்கு என் பட்டியலைத் தயார் செய்துவிட்டேன். முதல் வரியில் நடைபாதைத் திட்டமிடல் பற்றிய நூல் இருக்கிறது. "இது நம் துறை இல்லையே" என்று யாராவது கேட்டால், பஸ் நடத்துநர்களிடமிருந்துதான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.