மண் தரவு: எண்களை ஏற்றினால் மட்டும் போதுமா?

உலகெங்கும் ஒவ்வொரு பருவத்திலும் எண்ணற்ற மண் மாதிரிகள் ஆய்வுக்கூடங்களுக்கு வருகின்றன. பரிசோதனை முடிவு ஒரு தாளில் அச்சாகி உழவரின் கைக்குச் செல்கிறது. உர அளவைத் தீர்மானித்ததோடு அந்த எண்களின் பயன் முடிந்துவிடுகிறது. அவற்றைப் பொதுத் தொகுப்பாக்கி, உழவரும் ஆய்வாளரும் தடையின்றி எடுத்தாளச் செய்ய வேண்டும் என்போரின் பக்கமே நானும் நிற்கிறேன். ஆனால், திறந்த தரவு என்ற பெயரில் நடக்கும் முயற்சிகளில் பல, எண்களை இணையத்தில் ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. எந்த முறையில், எந்த ஆழத்தில், எப்போது, எங்கே அளந்தது என்ற விவரம் இல்லாத மண் எண்ணை யார் எடுத்து என்ன செய்வது?

மணிச்சத்தையே (பாஸ்பரஸ்) எடுத்துக்கொள்வோம். செடிக்குக் கிடைக்கக்கூடிய மணிச்சத்தை அளக்க, சுண்ணாம்பும் காரத்தன்மையும் மிகுந்த மண்ணுக்கு 1954-இல் வெளியான ஓல்சன் முறையும், அமில மண்ணுக்கு 1945-இல் வெளியான பிரே முறையும் பெரிதும் கையாளப்படுகின்றன. முன்னது சோடியம் பைகார்பனேட் கரைசலால் சத்தைப் பிரித்தெடுக்கிறது. பின்னது நீர்த்த அமிலத்தோடு அம்மோனியம் ஃபுளூரைடைச் சேர்த்துப் பிரித்தெடுக்கிறது. ஒரே மண்ணை இரண்டாகப் பங்கிட்டு இரு முறைகளிலும் சோதித்தால் இரு வேறு எண்கள் வரும், இரண்டிலும் தவறில்லை. முறையின் பெயர் இல்லாமல் அவை ஒரே நெடுவரிசையில் கலந்துவிட்டால், பிறகு எந்தக் கணிதத்தாலும் நம்பிக்கையோடு பிரிக்க முடியாது.

மட்கிய உயிர்ப்பொருள்களால் மண்ணில் சேரும் அங்ககக் கரிமத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1934 முதல் புழக்கத்தில் உள்ள வாக்லி–பிளாக் முறை மலிவானது. ஆனால் அதில் கரிமம் முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை என்பதால், விடுபட்டதை ஈடுசெய்ய விடையை ஏறத்தாழ 1.3-ஆல் பெருக்குவது வழக்கம். பெருக்கிய எண்ணா, பெருக்காத எண்ணா என்ற குறிப்பு பழைய பதிவேட்டில் இல்லையென்றால், அதை, மண்ணை அதிக வெப்பத்தில் எரித்துக் கரிமம் முழுவதையும் அளக்கும் உலர் எரிப்பு முறையில் இன்று கிடைக்கும் எண்ணோடு ஒப்பிடும் ஒருவருக்கு, மண்ணில் எந்த மாற்றமும் நிகழாமலேயே கரிமம் உயர்ந்துவிட்டதாகத் தோன்றலாம். ஆழமும் அப்படித்தான்: கரிமம் பொதுவாக மேல்மண்ணில் செறிந்திருப்பதால், 15 சென்டிமீட்டர் வரை எடுத்த மாதிரியையும் 30 சென்டிமீட்டர் வரை எடுத்ததையும் அருகருகே வைப்பது பொருளற்றது. மண்ணில் சேரும் கரிமத்துக்குப் பணம் தரும் சந்தைகள் உருவாகிவரும் காலத்தில் இது வெறும் நுணுக்கப் பிரச்சினை அல்ல.

வரைபடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உலக மண் தகவல்களைத் திரட்டும் நெதர்லாந்தின் ஐஎஸ்ஆர்ஐசி நிறுவனம் வெளியிடும் சாயில்கிரிட்ஸ் என்ற வரைபடத் தொகுப்பு, 250 மீட்டர் கட்டங்களில், 2 மீட்டர் ஆழம் வரை, உலகம் முழுவதற்கும் மண் பண்புகளை இலவசமாகத் தருகிறது; பெரும்பரப்பு ஆய்வுக்கு அது அரிய கொடை. ஆயினும் அதன் எண்கள் அளவீடுகள் அல்ல, கணிப்புகள். ஒரு கட்டம் 6.25 ஹெக்டேர், இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் மூன்று உழவர்களின் நிலம் அதற்குள் அடங்கி, மூவருக்கும் ஒரே எண் கிடைக்கும். கணிப்பின் ஐயப்பாட்டு எல்லையையும் அந்நிறுவனம் சேர்த்தே வெளியிடுகிறது. அதை மறைத்துவிட்டு ஒற்றை எண்ணை மட்டும் காட்டும் செயலியை நம்பி உரமிடச் சொல்வது, என் பார்வையில், பொறுப்பற்ற செயல்.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. அதே நிறுவனத்தின் வோசிஸ் தொகுப்பு, களத்தில் அளந்த மதிப்புகளை ஆய்வு முறைக் குறிப்போடு சேர்த்துத் தருகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் 2017-இல் தொடங்கிய குளோசோலான் வலைப்பின்னல், ஆய்வுக்கூடங்களின் செய்முறைகளை ஒத்திசையச் செய்ய உழைக்கிறது. தரவைப் பயன்படுத்துவதற்கான உரிமம் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. மறுபயன்பாட்டுக்கு இடம் உண்டா என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால் போதும்.

கடினமான கேள்வி உழவரின் உரிமை சார்ந்தது. துல்லியமான இருப்பிடம் இல்லாமல் மண் எண்ணைச் செயற்கைக்கோள் படத்தோடு இணைத்து ஆராய முடியாது; அதே இருப்பிடம், நிலத்தின் மதிப்பையோ குத்தகையையோ பேரம் பேசுவோரின் கையில் உழவருக்கு எதிராகவே திரும்பலாம். ஆகவே பொதுமக்களுக்குத் தோராயமான இடமும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆய்வாளருக்குத் துல்லியமான இடமும் தருவதே நியாயமாகப் படுகிறது. மாதிரி பெறும் படிவத்திலேயே ஆழம், தேதி, இருப்பிடம் ஆகியவற்றோடு உழவரின் சம்மதத்தையும் கேட்டுப் பதிய வேண்டும். அவர் மறுத்தாலும் பரிசோதனை முடிவு அவருக்குக் குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.