சிக்னல் போனால் எல்லாம் நின்றுவிடாது

நண்பரே, 'சிக்னல் இல்லாத ஜவ்வாது மலை ஊர்களில் செயற்கை நுண்ணறிவு ஒன்றுக்கும் உதவாது, அது முழுக்க இணையத்தில்தான் ஓடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. சாட்ஜிபிடியிடம் கேட்கும் கேள்வி எங்கோ இருக்கும் தரவு மையத்துக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது; சிக்னல் போனால் அது ஊமைதான்.

ஆனால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ்ப் பொதியை (இணையம் இல்லாமல் மொழிபெயர்க்க உதவும் கோப்பு) முன்கூட்டியே இறக்கி வைத்தால், மொழிபெயர்ப்பு போனுக்குள்ளேயே நடக்கும். பீஞ்சமந்தைக்கு ஏறும் வழியில் சிக்னல் அறுந்த பிறகு, பூச்சிமருந்து டப்பாவில் இருந்த ஆங்கில வரியைத் தட்டச்சு செய்து தமிழில் படித்தவன் நான். (தமிழ் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வந்தது, எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்பது புரிந்தது.) 2022இல் வெளியான, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளும் இணையம் இல்லாமல் மடிக்கணினியிலேயே ஓடும். சாட்ஜிபிடி போலவே பதில் எழுதும், மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட லாமா 3.2இன் சிறிய வடிவங்கள் போனில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவை தமிழில் தடுமாறும் என்பது வேறு கதை.

இணையம் இன்றியமையாதது வேறு இடத்தில். இந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பயிற்சி பெற்றதே பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த எழுத்துகளையும் பேச்சுப் பதிவுகளையும் கொண்டுதான். நம் கைக்கு வந்து சேர்வதும் அதே வழியில்தான். மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்து ஒடுகத்தூரைத் தாண்டுமுன் தேவையானதைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.