யாரைக் கேட்டு அனுப்புகிறீர்கள்?

இணையத்தில் பொருள் வாங்கினால், ரசீது அனுப்பத்தான் என்று சொல்லி மெயில் ஐடி வாங்குகிறார்கள். மறுநாளிலிருந்து தள்ளுபடி, சலுகை, "இன்றே கடைசி" என்று வந்து குவிகிறது. அந்தக் கடைசி நாள் அடுத்த வாரமும் வருகிறது! ரசீதுக்குக் கொடுத்த முகவரியை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள யார் அனுமதி கொடுத்தது?

கேட்டால், நீங்கள்தான் சம்மதித்தீர்கள் என்கிறார்கள். எப்போது? பணம் கட்டும் பக்கத்தின் அடியில், மங்கலான சாம்பல் எழுத்தில் ஒரு வரி. அதன் அருகே சின்னக் கட்டம். டிக்கையும் அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் அதை எடுக்காமல் விட்டால் சம்மதமாம். இதற்குப் பெயர் ஏமாற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதமே ஆகாது.

சரி, விலகிவிடலாம் என்றால் அது இன்னும் கொடுமை. அன்சப்ஸ்கிரைப் இணைப்பைத் தேடிப் பிடித்து அழுத்தினால் லாகின் செய்யச் சொல்கிறது. பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதை மாற்றி உள்ளே போனால், வாரச் செய்தி, புது வரவு, பண்டிகைச் சலுகை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்த வேண்டும். விளம்பர மெயில்களுக்கான அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பேம் சட்டம் முன் அனுமதிகூடக் கேட்கச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட சட்டத்தின் விதிகளே, விலகுவதற்கு லாகின் கேட்கக் கூடாது, 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்கின்றன. அந்த 10 நாள்தான் எதற்கு? சேர்க்க ஒரு நொடி போதுமே!

அப்புறம், பெயரே கேள்விப்படாத வேறொரு நிறுவனத்திடமிருந்து மெயில்: "எங்களோடு இணைந்ததற்கு நன்றி." நான் எப்போது இணைந்தேன்?