ஏ கேட்டகரியா, பி1-ஆ? விமான மெக்கானிக் படிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு

விமானப் பராமரிப்பு லைசென்ஸில் ஏ என்பது சின்னச் சின்ன வேலைகளுக்கானது, பி1 என்பது பழுதைத் துருவிக் கண்டுபிடிப்பது வரை போகிறது. அந்த ஏ கேட்டகரி லைசென்ஸை 'முதல் படி' என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பெங்களூரில் முருகேஷ்பாளையம், விமானபுரா பக்கம் நம் ஆட்கள் வீடுகளில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே இந்தப் பேச்சு கிளம்பிவிடும். விமானத் தொழிற்சாலையான ஹெச்ஏஎல் மதில் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைகள், விமானத்தில் கை வைக்க ஆசை இருக்கத்தான் செய்யும். "முதல்ல ஏ வாங்கிடட்டும்ணா, அப்புறம் மெதுவா பி1 பாத்துக்கலாம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் பரீட்சையில் இருக்கிறது. விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் கார்-66 என்ற லைசென்ஸ் விதியில் மாட்யூல் (பரீட்சைப் பாடம்) பட்டியலைப் பார்த்தால், டர்பைன் இன்ஜின் விமானங்களுக்கான உட்பிரிவுகளான ஏ1-க்கும் பி1.1-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எலக்ட்ரானிக்ஸ் பாடமான நாலாவது மாட்யூல் ஏ-வுக்குக் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் ஆழம் வேறு. ஹைட்ராலிக் பம்ப் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏ-வுக்குப் போதும். பிரஷர் ஏன் விழுந்தது என்று துருவத் தெரிந்தால்தான் பி1. அதனால் ஏ மட்டத்தில் 75 சதவீதம் வாங்கிப் பாஸ் செய்திருந்தாலும், பெரும்பாலான பாடங்களை பி1-க்காக மறுபடி படித்து மறுபடி எழுத வேண்டும். இது எந்த ஊர் முதல் படி? மாறாக, பி1.1 வாங்கினால் ஏ1 அதற்குள்ளேயே அடக்கம்.

காலக் கணக்கையும் பாருங்கள். பயிற்சி நிறுவனங்களுக்கான கார்-147 விதிப்படி அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் முழுப் படிப்பு என்றால் ஏ1-க்கு 800 மணி நேரம், பி1.1-க்கு 2400. அதற்கு மேல் வேலை அனுபவம் ஏ-வுக்கு 1 வருடம், பி1.1-க்கு 2 வருடம். பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

வேலையில் என்ன மாறும் என்றால், கையெழுத்து. அதாவது, வேலை சரியாக முடிந்தது, விமானம் பறக்கலாம் என்று சான்று தரும் கையெழுத்து. தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் ராத்திரி இறங்கின விமானத்தில் ஒரு டயர் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீலைச் சுற்றிக்கொண்டே ஆக்ஸில் நட்டை முதலில் அதிக டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, பிறகு தளர்த்தி, குறைந்த டார்க்கில் மறுபடி இறுக்க வேண்டும். பேரிங் ஒழுங்காக உட்காரத்தான் இந்தப் பாடு. இதை ஏ லைசென்ஸ்காரர் தன் கையால் செய்து, தானே கையெழுத்தும் போடலாம். பிரேக் யூனிட், வைப்பர் பிளேடு, லைட், சீட் பெல்ட், கேபினில் காபி மேக்கர் என்று இன்னும் கொஞ்சம் உண்டு. அதுவும் கம்பெனி அவருக்கு எழுதிக் கொடுத்த வேலைகள் மட்டும். பக்கத்து மெக்கானிக் மாட்டிய வீலுக்கு அவர் கையெழுத்து போட முடியாது. அதற்கு பி1 ஆள் வர வேண்டும். அடுத்தவர் செய்த வேலைக்கும் தன் பெயரை வைத்துப் பொறுப்பேற்பவர் அவர்தான். சம்பளத்தில் வித்தியாசம் வருவதும் இதனால்தான்.

அதற்காக ஏ லைசென்ஸ் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. முறையான தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாமல் ஏற்கெனவே விமானம் பராமரிக்கும் ஹேங்கரில் வேலை பார்க்கிறவருக்கு, குடும்பமும் இருந்தால், கணக்கு வேறு. பி1.1-க்கு அவர் 5 வருட அனுபவம் காட்ட வேண்டும், ஏ-வுக்கு 3 போதும். அவர் தாராளமாக ஏ வாங்கட்டும். புத்திசாலித்தனம் அதுதான்.

பி1 பக்கத்திலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது, அதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். லைசென்ஸ் கையில் வந்த உடனே ஏர்பஸ் ஏ320 விமானத்துக்குக் கையெழுத்து போட்டுவிட முடியாது. அந்த விமான மாடலுக்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங், லைசென்ஸில் ஏற வேண்டும், பிறகு கம்பெனி அதிகாரம் கொடுக்க வேண்டும். ஏ-வுக்கு லைசென்ஸில் டைப் தேவையில்லை. அந்தப் பயிற்சிப் பணத்தை யார் போடுவது என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

பையனோ பொண்ணோ சர்க்யூட், ரேடியோ என்று மண்டையை உடைத்துக்கொள்கிற ஆள் என்றால் விமான எலக்ட்ரானிக்ஸ் பக்கமான பி2 பாருங்கள். அது பி1-க்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருப்பது. பெரிய பராமரிப்பு முடிந்த பிறகு முழு விமானத்துக்கும் கையெழுத்து போடுகிற சி கேட்டகரி பற்றி இப்போது கவலையே வேண்டாம்.

பீஸ் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நிறுவனத்தின் 147 அங்கீகாரச் சான்றிதழை வாங்கி, அதில் எந்த கேட்டகரி எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். விளம்பர நோட்டீஸில் இருப்பதும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றாக இல்லை என்றால், செக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள்.